மானியம் உங்கள் பெயருக்கு வராது

திருகோணமலையிலிருந்து ஒரு சித்த மருத்துவ விரிவுரையாளர் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறார். பெயரையும் வளாகத்தையும் நீக்கிவிட்டேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். சாரம் இதுதான்.

பகலில் வளாகத்தில் கற்பிக்கிறார். பின்னேரங்களில் கணவரின் பெயரில் இருக்கும் மருந்துச்சாலையில் நோயாளரைப் பார்க்கிறார். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சலரோகத்துக்கு ஆவாரைக் குடிநீர் என்ற மூலிகைக் கஷாயம் கொடுப்பது தகப்பனார் காலத்திலிருந்தே அங்கே வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் 34 பேருக்கு மூன்று மாதம் விடாமல் கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும், இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார். “பெரும்பாலானவர்களுக்குக் குறைந்தது” என்கிறார். இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் இதைச் சொன்னபோது, அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஒன்றின் பேராசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கிழமையே மின்னஞ்சல் வந்தது: அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின், அதாவது என்ஐஎச்சின், மானியத்துக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், வரவுசெலவுத் திட்டம், தன்விபரம், நிறுவனத்தின் பதிவு இலக்கம், ஒப்புதல் கடிதம் எல்லாம் மூன்று கிழமைக்குள் வேண்டும், கூடவே ஐந்து கிலோ குடிநீர்ச் சரக்கும் அதன் அளவு விகிதமும் அனுப்ப முடியுமா?

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கணக்குப் பிரிவில் பதிவு இலக்கம் பற்றி யாருக்கும் தெரியவில்லை. “குடிநீர் ஆய்வா, அது நீர் வழங்கல் சபைக்காரரின் வேலையல்லவா?” என்றும் ஒருவர் கேட்டாராம். 599 டொலர் கட்டினால் பதிவு செய்து தருகிறோம் என்று எங்கிருந்தோ ஒரு கம்பனியின் கடிதம் வேறு. பேராசிரியரோ, கஷ்டமென்றால் உங்களை ஆலோசகராகப் போட்டுச் சொந்த வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்புகிறேன் என்கிறார். வெளிநாட்டுக்குக் காசு கொடுப்பதையே அமெரிக்கா நிறுத்திவிட்டது என்கிறார் கொழும்பில் உள்ள நண்பர். விண்ணப்பத்தின் முதல் வரைவை ஒரு மாணவர் சாட்ஜிபிடியில் எழுதித் தந்துவிட்டார். நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பணம் வந்த பிறகு எடுக்கலாம் என்று இவரே முடிவு செய்திருக்கிறார். கடைசியாக இரண்டு கேள்விகள்: “ஐயா, இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வருமா? கட்டுரையில் முதல் பெயர் என்னுடையதாக இருக்க என்ன செய்ய வேண்டும்?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். எங்கள் வைத்தியர்களில் பலர் “என் கையால் ஆயிரம் பேருக்குச் சுகமானது” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் அளந்து பார்த்திருக்கிறீர்கள், எழுதியும் வைத்திருக்கிறீர்கள். இனி நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது. அதனால்தான் இதை முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

என் முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று கிழமைக்குள் ஓடாதீர்கள். பேராசிரியரை விட்டுவிடவும் வேண்டாம். அடுத்த சுற்றுக்குச் சேர்ந்து போவோம் என்று எழுதுங்கள். என்ஐஎச்சின் வழமையான ஆர்01 வகைப் புதிய விண்ணப்பங்களுக்கு பெப்ரவரி 5, ஜூன் 5, ஒக்டோபர் 5 என்று வருடத்தில் மூன்று திகதிகள் உண்டு. கூட்டு ஆய்வுக்கான அழைப்புகளில் திகதி வேறாக இருக்கலாம். எப்படியானாலும் இது வருடத்துக்கு ஒருமுறை வரும் தேர் அல்ல.

பணம் யாருக்கு வருகிறது

உங்கள் கடிதம் முழுவதும் “எனக்கு மானியம்”, “என் கணக்கு” என்றே போகிறது. அடிப்படையிலேயே இது ஒரு தவறான எண்ணம். ஆய்வு மானியம் ஆளுக்கு வருவதில்லை, நிறுவனத்துக்கு வருகிறது. யோசனை உங்களுடையது, வேலையும் உங்களுடையது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், பணத்தைப் பெறுவதும், கணக்குக் காட்டுவதும், பிழை நடந்தால் பதில் சொல்வதும் பல்கலைக்கழகம். இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி சட்ட ஆளுமை பல்கலைக்கழகத்துக்கே உரியது. பீடமோ துறையோ தன் பெயரில் வெளிநாட்டோடு உடன்படிக்கை செய்யும் தனி நிறுவனமல்ல. வளாக முதல்வரின் கடிதம் உங்களுக்கு வேண்டும்தான், ஆனால் அது போதாது. கையெழுத்து தாய்ப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தரிடமோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவரிடமோதான் வாங்க வேண்டும். உங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் தலையைச் சொறிந்ததில் அவர் மேல் குற்றமில்லை. அது அவர் மேசைக்கு வர வேண்டிய பைலே அல்ல.

அந்தப் பதிவு இலக்கத்துக்கு வருவோம். அமெரிக்க மத்திய அரசின் மானியத்தை நேரடியாகப் பெறும் எந்த நிறுவனமும் ‘சாம்’ என்ற அவர்களின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் 12 எழுத்து-எண் அடையாளம்தான் பேராசிரியர் கேட்பது. 2022 ஏப்ரல் வரை டன்ஸ் இலக்கம் என்ற வேறொன்று இருந்தது, இப்போது அது செல்லாது. உங்கள் அலுவலகத்தில் பழைய பைல் எதிலாவது அந்த இலக்கம் இருந்தால் அதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனமென்றால் சாமுக்கு முன் நேட்டோ அமைப்பின் குறியீடு ஒன்றும் எடுக்க வேண்டும். ஆவாரைக்கும் நேட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் ஒருகாலம் சிரித்தவன்தான். ஆனால் அந்தக் குறியீடு இல்லாமல் சாம் நகராது. பெயரும் முகவரியும் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நான் வேலை செய்த ஓரிடத்தில், ஒரு படிவத்தில் ‘ரோட்’ என்று முழுதாகவும் மற்றதில் சுருக்கியும் எழுதியதற்காக எங்கள் பதிவு திரும்பி வந்தது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் விண்ணப்பத் திகதி போய்விட்டது. இந்த வேலைகளை ஆறு கிழமைக்கு முன்பாவது தொடங்கச் சொல்லி என்ஐஎச்சே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் நாட்டுக் கடிதப் போக்குவரத்துக்கு நான் மூன்று மாதம் என்பேன். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும்.

இந்தப் பதிவுக்கு ஒரு சதமும் இல்லை, முழுக்க இலவசம். 599 டொலர் கேட்ட கடிதத்தைக் குப்பையில் போடுங்கள்.

இதோடு ஈஆர்ஏ கொமன்ஸ் என்ற என்ஐஎச் கணக்கில் பல்கலைக்கழகமும் நீங்களும் பதிய வேண்டும். மனிதர்களில் ஆய்வு என்றால், பல்கலைக்கழகம் அமெரிக்க சுகாதாரத் திணைக்களத்துக்கு ஆய்வில் சேரும் மனிதரைப் பாதுகாப்போம் என்று ‘எஃப்டபிள்யூஏ’ என்ற உறுதிமொழி ஒன்றையும் கொடுத்திருக்க வேண்டும். இவற்றில் எதையும் நீங்கள் தனியாளாகச் செய்ய முடியாது. பதிவாளர், நிதியாளர், உபவேந்தர் அலுவலகம் மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். ஏற்கெனவே அமெரிக்க நிதி பெற்ற வேறு பீடம் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தே இருக்கும். ஆகவே முதலில் அதை விசாரியுங்கள். விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதெல்லாம் அப்புறம்.

வரவுசெலவுத் திட்டத்தில் மூன்று விஷயம் மட்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு என்ஐஎச் தரும் மறைமுகச் செலவு, அதாவது நிர்வாகச் செலவுக்கான பங்கு, 8 சதவீதம், உபகரணத்தைக் கழித்துத்தான் அதையும் கணக்கிடுவார்கள். “எங்கள் பல்கலைக்கழகம் 15 கேட்கிறது” என்று அடம்பிடித்துப் பயனில்லை. இரண்டாவது, 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திட்டத்தை ரூபாவில் போட்டவர்கள் அன்று பரிசோதனைக் கிட் வாங்கவே தவித்தார்கள். இறக்குமதிப் பொருளை டொலரிலும் ஆட்களின் கொடுப்பனவை ரூபாவிலும் தனித்தனியே கணக்குப் போடுங்கள். மூன்றாவது, அரச பல்கலைக்கழகத்தில் எதை வாங்குவதென்றாலும் பெறுகை நடைமுறை உண்டு. பெரிய இயந்திரத்தை முதல் வருடத்தில் வாங்கி முதல் வருடத்திலேயே ஆய்வு செய்வதாக எழுதுவது நடக்காத காரியம்.

பேராசிரியரின் யோசனை, அதாவது உங்களை ஆலோசகராகப் போட்டுச் சொந்தக் கணக்குக்கு அனுப்புவது, கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்பவர். ஆவாரைக் குடிநீர் எப்படிச் செய்வது, அளவு என்ன என்று மாதம் ஒருமுறை பேசுவதானால் அது ஆலோசனைதான். நோயாளரைச் சேர்ப்பதும், மருந்து கொடுப்பதும், இரத்தம் எடுப்பதும், தரவு எழுதுவதும் திருகோணமலையில் நடக்குமென்றால் அது ஆய்வின் ஒரு பகுதி. அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் குறிப்பிடத்தக்க அறிவியல் வேலை எதுவும், பணம் செலவழிந்தாலும் செலவழியாவிட்டாலும், என்ஐஎச்சின் கண்ணில் ‘வெளிநாட்டுக் கூறு’. அதை ஆலோசனைக் கட்டணம் என்று எழுதி மறைத்தால் முதல் சிக்கல் பேராசிரியருக்கு, அடுத்தது உங்களுக்கு. நீங்கள் அரச பல்கலைக்கழக ஊழியர். அனுமதியில்லாமல் வெளி வருமானம் என்று ஒரு முறைப்பாடு போனால், மருந்து வேலை செய்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பேராசிரியருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அங்கேயும் பேராசிரியர்கள் தங்கள் நிர்வாக அலுவலகத்தைக் கேட்காமல் வாக்குக் கொடுப்பதுண்டு.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை

2025 மே 1 அன்று என்ஐஎச் ஓர் அறிவிப்பு விட்டது. அதுவரை பழைய முறை இப்படி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் மானியத்தைப் பெற்று, அதில் ஒரு பங்கை உப மானியமாக வெளிநாட்டுப் பங்காளிக்குப் பிரித்துக் கொடுக்கும். நீங்கள் அவர்களுக்குக் கணக்குக் காட்டுவீர்கள், அவர்கள் என்ஐஎச்சுக்குக் காட்டுவார்கள். எந்த நாட்டுக்கு எவ்வளவு போகிறது என்று சரியாகத் தெரியவில்லை என்பதுதான் மாற்றத்துக்கு அவர்கள் சொன்ன காரணம். புதிய ஏற்பாடு வரும்வரை வெளிநாட்டு உப மானியத்தோடு கூடிய விருது எதுவும் வழங்குவதில்லை என்றார்கள். உங்கள் நண்பர் கேள்விப்பட்ட செய்தி இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதே வருடம் ஜூலையில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் மூடப்பட்டதும் மக்கள் மனதில் இதோடு சேர்ந்து குழம்பிவிட்டது. இரண்டும் வேறு வேறு.

நண்பர் சொல்லாத பாதி, அந்தப் புதிய ஏற்பாடு வந்துவிட்டது என்பது. வெளிநாட்டுப் பங்காளியோடு செய்யும் புதிய விண்ணப்பங்கள் பிஎஃப்5, யூஎஃப்5 என்ற தனி வகைகளில் போக வேண்டும். தேர்வானால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, பிரதான மானியத்தோடு இணைந்த தனி விருதாக, என்ஐஎச்சே நேரடியாகப் பணம் கொடுக்கும். உங்களைப் பொறுத்தவரை இதன் பொருள் என்ன? முன்பு உப மானியம் பெறுபவருக்கு அந்த 12 எழுத்து-எண் அடையாளம் இருந்தாலே போதும், சாமில் முழுப் பதிவு தேவைப்படவில்லை. நேரடி விருதென்றால் முழுப் பதிவும் வேண்டும், என்ஐஎச்சோடு நேருக்கு நேர் கணக்குக் காட்டும் ஆற்றலும் வேண்டும். சின்ன வளாகங்களுக்கு இது பாரம்தான். அதே நேரம், அமெரிக்கப் பங்காளியின் வாசலில் நின்று காசுக்குக் காத்திருக்கும் நிலை போகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

விதிகள் அடிக்கடி மாறும் காலம் இது. ஆகவே பேராசிரியரிடம் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள். அவருடைய பல்கலைக்கழக ஆய்வு நிர்வாக அலுவலகம் எழுத்தில் தரும் பதிலைக் கேளுங்கள்: எந்த அழைப்பு, எந்த வகை, எங்கள் பங்கு எப்படி வரும்?

சாட்ஜிபிடி வரைவு பற்றி: 2025 செப்டெம்பர் 25 முதல், பெருமளவில் செயற்கை நுண்ணறிவு எழுதிய விண்ணப்பங்களை விண்ணப்பதாரரின் சொந்தச் சிந்தனையாக என்ஐஎச் ஏற்பதில்லை. இலக்கணம் திருத்த உதவி பெறுவது வேறு, ஆய்வின் நோக்கத்தையே அது எழுதுவது வேறு. நீங்கள் இணைத்த பக்கத்தை வாசித்தேன். வழுவழுவென்று இருக்கிறது, ஆனால் திருகோணமலை அதில் இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கடிதத்தை வைத்து எழுதுங்கள். அதே நாளிலிருந்து இன்னொரு விதியும் நடைமுறையில் உள்ளது: ஒரு முதன்மை ஆய்வாளர் ஒரு வருடத்தில் ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் போட முடியாது. அப்படியிருக்க, பேராசிரியர் தன் ஆறில் ஒன்றை உங்களுக்காக வைக்கிறார். அரைகுறையாகப் போய் அதை வீணாக்குவது அவருக்கும் நல்லதல்ல. தாமதத்தை அவரிடம் இப்படிச் சொன்னால் கோபிக்கமாட்டார்.

அந்த 34 பேர்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பணமல்ல, இவர்கள்தான்.

நீங்கள் செய்தது சிகிச்சையா, ஆய்வா? உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மூன்றாம் மாத எச்பிஏ1சியை நோயாளிக்குத் தேவை என்று எடுத்தீர்களா, உங்களுக்கு எண் தேவை என்று எடுத்தீர்களா? பரிசோதனைக் காசை நீங்களே கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனம். ஆனால் நெறிமுறைக் குழுவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு வரியைப் பார்த்ததும் குழுவில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். வழக்கமான சிகிச்சையில் வைத்தியர் நோயாளியின் பரிசோதனைக்குக் காசு கட்டுவதில்லையே.

“அனுமதியைப் பிறகு எடுக்கலாம்” என்பது நடக்காது. முடிந்துபோன ஆய்வுக்குப் பின்திகதி போட்டு அனுமதி தரும் குழுவை நான் கண்டதில்லை. ஆனால் கதவு முழுக்க மூடியும் இல்லை. மருந்துச்சாலைக் கொப்பிகளில் உள்ள பழைய பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய விரும்புகிறேன் என்று, நடந்ததை நடந்தபடியே சொல்லி, புதிதாக விண்ணப்பிக்கலாம். குழு ஏற்றுக்கொள்ளவும் கூடும், மறுக்கவும் கூடும். மட்டக்களப்பில் உள்ள சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன. உங்கள் வளாகம் எங்கே அனுப்புகிறது என்று கேளுங்கள். அதுவரை அந்த எண்களைப் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டாம். பெயரும் ஊரும் உள்ள பட்டியலைப் பகிரப்பட்ட கூகுள் தாளில் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கிண்ணியாவில் யாருக்குச் சலரோகம் என்று அமெரிக்காவில் ஒருவருக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய நாடு இது. அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் வைத்தியரின் வாய்க்குப் பூட்டு உண்டு.

இனி, “குறைந்தது” என்ற சொல். மனம் நோகாமல் கேளுங்கள். சீனி மிகவும் கூடியிருந்த நேரத்தில்தான் ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள். உச்சத்தில் அளந்தால் அடுத்த தடவை பலருக்கும் தானாகவே கொஞ்சம் இறங்கும். யாரோ கவனிக்கிறார்கள் என்றால் சோற்றைக் குறைப்பார்கள், தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார்கள். எத்தனை பேர் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கொடுத்த மெட்ஃபோமினையும் சேர்த்துப் போட்டார்கள்? தொடங்கியவர்கள் 34 பேரா, முடித்தவர்கள் 34 பேரா? வராமல் போனவர்கள் சுகமாகிப் போனார்களா, சுகமில்லாமல் போனார்களா? ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஆகவே உங்கள் கையில் இருப்பது நிரூபணம் அல்ல. ஆராயத் தகுந்தது என்பதற்கான ஒரு காரணம். மானியம் கேட்க அதுவே போதும்.

இதில் உங்களுக்குத் தெரிந்து, அமெரிக்கப் பேராசிரியருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உங்கள் நோயாளரில் பாதிப்பேர் மூதூர், கிண்ணியா முஸ்லிம்கள். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. நோன்பு மாதம் அந்த மூன்று மாதத்துக்குள் விழுந்தால் சாப்பாட்டு நேரம், மருந்து நேரம், எல்லாமே மாறும். பகலில் பட்டினியோடு மெட்ஃபோமினும் குடிநீரும் சேரும்போது சீனி மிகவும் இறங்கிவிடுகிறதா என்பதும் பாதுகாப்புக் கேள்விதான். நோன்பு வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்வதால் எந்த வருடத்தில் எப்போது சேர்ப்பது என்று திட்டமிட முடியும். இதை விண்ணப்பத்தில் ஒரு பந்தியாக எழுதுங்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் உங்களை நம்பத் தொடங்கும் இடம் அதுவாக இருக்கும்.

புதிய ஆய்வு என்றால் முறை இப்படி: நெறிமுறை அனுமதி, பிறகு இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிவு, அதற்குப் பிறகுதான் முதல் ஆள். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்தும் இந்தப் பதிவகம் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. முதல் ஆளைச் சேர்த்த பிறகு பதிந்தால் பல நல்ல மருத்துவ இதழ்கள் கட்டுரையைத் தொடவே மாட்டா. 2005 முதல் இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இதை வலியுறுத்துகிறது. உங்கள் குடிநீருக்கு ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதி போதுமா, தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையையும் அணுக வேண்டுமா என்பதை இரு இடத்திலும் கடிதம் எழுதிக் கேட்டு, பதிலைப் பைலில் வையுங்கள். சம்மதப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். எழுதி முடித்ததும் மருந்துச்சாலைக்கு வரும் யாராவது ஒரு ஆச்சியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்கவில்லை என்றால் படிவம்தான் பிழை.

ஐந்து கிலோ சரக்கு

அனுப்பாதீர்கள். விகிதத்தையும் எழுதாதீர்கள். பேராசிரியர் திருடுவார் என்று நான் சொல்லவில்லை. காகிதம் இல்லாமல் பொருள் போனால், பிறகு யாருடையது என்று பேசவே இடமில்லாமல் போகும். அமெரிக்காவில் காயத்துக்கு மஞ்சள் தடவுவதற்கே 1995இல் ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தின் பெயரில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியா பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997இல்தான் அது இரத்தானது. அந்த வழக்கை வென்றது எழுத்து ஆதாரம். உங்கள் வீட்டு ஏடும் கொப்பியும் அப்படிப்பட்டதுதான். பொருள் கைமாற்று ஒப்பந்தம் ஒன்று, இரு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட்டு, முதலில் வேண்டும். எதற்குப் பயன்படுத்தலாம், மிச்சத்தை என்ன செய்வது, கண்டுபிடிப்பில் யாருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் அதில் வரும்.

சரக்கிலேயே இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆவாரை, கொன்றை, நாவல், மருதம்பட்டை, கோரைக்கிழங்கு என்று போகும் பட்டியலில் கோட்டமும் கடலழிஞ்சிலும் இருக்கின்றன. உண்மையான கோட்டம் இமயமலைச் செடி. அது, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாவது பின்னிணைப்பில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில், இருக்கிறது. கடலழிஞ்சில் என்றால் சிங்களத்தில் கோத்தலஹிம்புட்டு. வெளிநாட்டில் அதன் மேல் காப்புரிமை எடுத்த கதையால் இங்கே எல்லோருக்கும் அதில் கண். நாட்டுச் செடிகளை வெளியே அனுப்ப வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி, தாவரத் தடுப்புக்காப்புச் சான்றிதழ், அந்தப் பக்கத்து இறக்குமதி அனுமதி என்று மூன்று கதவு. தபால் பொதியில் ‘மூலிகைத் தேநீர்’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். காது கொடுக்க வேண்டாம்.

இதைவிட முக்கியம், எதை அனுப்புகிறோம் என்பதே உங்களுக்கு நிச்சயமா என்பது. கடையில் கோட்டம் என்று கேட்டால் வேறொரு செடியின் கிழங்கையும் தருவார்கள். துணை மருத்துவத்துக்கான என்ஐஎச் பிரிவு, மூலிகை ஆய்வென்றால் செடியின் அடையாளம், தொகுதிக்குத் தொகுதி மாறாத தரம், பார உலோகம் போன்ற கலப்படம் இல்லை என்ற சோதனை எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்கும். பேராதனையில் உள்ள தேசியத் தாவரக் காட்சியகத்தில் ஒவ்வொரு செடியின் மாதிரியையும் கொடுத்து அடையாளம் உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு அமெரிக்கப் பணம் தேவையில்லை. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சி சபை, உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு நிதி ஆகியவற்றில் ஒன்றுக்கு எழுதுங்கள். சின்னத் தொகைதான். ஆனால் ஒரு மானியத்தை வாங்கி, கணக்கு முடித்து, அறிக்கை கொடுத்த நிறுவனம் என்ற பெயர் உங்கள் வளாகத்துக்கு வரும். அடுத்த வருடம் என்ஐஎச் படிவத்தில் அந்தப் பெயர் கைகொடுக்கும். அமெரிக்கா மட்டும்தான் வழி என்றும் இல்லை. பிரித்தானிய வெல்கம் நிதியம் இலங்கை போன்ற நாடுகளின் நிறுவனங்களுக்கு நேரடியாகவே கொடுக்கிறது.

முதல் பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியத்துவத்துக்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுதுக்கும் பொறுப்பேற்றல். நான்கும் வேண்டும். தரவு சேர்த்தேன் என்பது மட்டும் போதாது. ஆகவே எழுதும் வேலையிலிருந்து ஒதுங்காதீர்கள், ஆங்கிலம் தடக்கினாலும் பரவாயில்லை. எந்தக் கட்டுரையில் யார் முதல் என்பதை விண்ணப்பம் எழுதும் நாளிலேயே மின்னஞ்சலில் பேசி முடியுங்கள். ஆய்வு முடிந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

பேராசிரியருக்கு நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்: உங்கள் அழைப்புக்கு நன்றி, சேர்ந்து செய்ய எங்களுக்கு முழு விருப்பம், எங்கள் பல்கலைக்கழகத்தின் சாம் பதிவு, நெறிமுறை அனுமதி, பொருள் கைமாற்று ஒப்பந்தம் மூன்றும் முடிய இன்ன மாதமாகும், அடுத்த சுற்றுக்கு உங்கள் ஆய்வு நிர்வாக அலுவலகத்தை எங்கள் பதிவாளரோடு தொடர்புபடுத்துங்கள், நோன்பு மாதம் பற்றி ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். அவ்வளவுதான். இதற்குப் பதில் எழுதாதவர் உங்களுக்கு ஏற்ற பங்காளி அல்ல.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்: “மருந்துச்சாலை அவர் பெயரில்தானே இருக்கிறது, சொல்லத்தான் வேண்டுமா?” சொல்ல வேண்டும். அமெரிக்க விதியில் ஆய்வாளரோடு வாழ்க்கைத் துணையின் நலனும் சேர்ந்தே எண்ணப்படும். பங்குச்சந்தையில் இல்லாத தனியார் வியாபாரமென்றால் உரிமை எவ்வளவு சிறிதானாலும் கணக்கில் வரும்; வருமானத்துக்கு உள்ள 5,000 டொலர் வரம்பு உரிமைக்குப் பொருந்தாது. இங்குள்ள நெறிமுறைக் குழுவுக்கும் அதையே சொல்லுங்கள். கடையை மூடவோ குடிநீர் விற்பதை நிறுத்தவோ யாரும் கேட்கமாட்டார்கள். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதையும் முடிவைக் கணக்கிடுவதையும் உங்கள் கையிலிருந்து வேறொருவர் கைக்கு மாற்றச் சொல்வார்கள், ஆய்வு மருந்தை வேறிடத்தில் தயாரிக்கச் சொல்லவும் கூடும். ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள். புதிதாக அடித்த பைக்கற்றில் “ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று ஒரு வரி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் பைக்கற்றுகளில் அந்த வரியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள்.